உன் பிள்ளையின் கழுத்தில் இருந்த ஏடு

அன்புள்ள மகளுக்கு,

உன் பிள்ளையின் கழுத்தில் இப்போது இருக்கும் தாயத்து அவனுடையது அல்ல. அவனுடையது பினாங்கில், பத்திரிகை அலுவலகத்தில், என் மேசைமேல், மாப்பிள்ளையின் கைக்குட்டைக்குள் இருக்கிறது. அதன் வாயை அடைத்த அரக்கு இன்னும் உடையவில்லை. இதை எழுதத் தொடங்கும்போது நிலைமை இதுதான். எழுதி முடிக்கும்போது என்னவாக இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் தெரிந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். செய்தி எழுதியே தலை நரைத்தவனுக்கு வேறு பழக்கம் கிடையாது.

இது எங்கே தொடங்கியது என்பது உனக்குப் பாதி தெரியும். போன வருடம் போலீஸ் கோர்ட்டில் ஓர் அடிதடி வழக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இரண்டு பேர் கட்டிப் புரண்டதில் ஒருவனுடைய தாயத்து அறுந்து, காலில் மிதிபட்டுப் பிளந்துவிட்டது. அதையும் சாட்சிப் பொருளாக வைத்திருந்தார்கள். உள்ளிருந்து எட்டிப் பார்த்த ஓலைச் சுருளில் என்ன எழுதியிருக்கிறது என்று மாஜிஸ்திரேட் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தொடவும் மனமில்லாமல் "மந்திரம்" என்று முடித்துவிட்டார். வழக்கு தீர்ந்து பொருளைத் திருப்பிக் கொடுத்த பிறகு, வராந்தாவில் அந்த ஆளிடம் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். மந்திரம் இல்லை. கடல் இருந்தது. ஒரு கப்பல் இருந்தது. வரிகள் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டிருந்தன. சொற்கள் மிகப் பழையவை. ஆனால் செய்யுள் என்பதில் சந்தேகமில்லை.

"என்னா சார் அப்பிடிப் பாக்குறீங்க? வசியமா?" என்றான் அவன்.

"இல்லப்பா. பாட்டு."

"பாட்டா? பாட்டையா கழுத்துல கட்டிக்கிட்டு அவன்கிட்ட அடி வாங்கினேன்? அதான்லா பல்லு போச்சு!"

நான் அந்த வரிகளைப் பார்த்து எழுதி, பழைய நூல்களைப் பதிப்பிக்கும் ஒரு பண்டிதருக்குச் சென்னைக்கு அனுப்பினேன். அடுத்த கப்பல் தபாலில் பதில் வந்தது. அந்த வரிகளில் ஒன்றரை வரி, பழைய உரை ஒன்றில் மேற்கோளாக வருகிறதாம். பெயர் மட்டும் மிஞ்சி, நூல் அழிந்துபோனது என்று எல்லோரும் கைவிட்ட காப்பியத்தின் வரி. ஏடு ஒருவேளை மூன்று நான்கு தலைமுறைக்கு முன் படி எடுத்ததாக இருக்கலாம். பாட்டு அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. மீதி எங்கே, மீதி எங்கே என்று கடிதம் முழுக்கக் கேட்டிருந்தார்.

மீதி எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாயத்தைக் கொடுத்தவர் தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கும் பண்டாரம். உனக்கு அவரைத் தெரியும். அவருடைய தகப்பனார் கப்பலேறி வந்தபோது பூசையில் இருந்த ஏட்டுக் கட்டையும் கொண்டுவந்தாராம். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. சரசுவதி பூசைக்குச் சந்தனம் வைத்து, பூப் போட்டு, மறுபடி துணியில் சுற்றி வைப்பார்கள். தோட்டத்துக்குப் போகும் ஆட்கள், பிள்ளை பெற்ற பெண்கள், மலைக்காய்ச்சலுக்குப் பயந்தவர்கள் வந்து ஊரிலிருந்து வந்த ஏதாவது ஒன்றைக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சும்போது, ஓர் ஏட்டை எடுத்து, எண்ணெய் தடவி, குறுக்கே நறுக்கி, சுருட்டிச் செம்புக் குழலில் போட்டு, வாயை அரக்கால் அடைத்துக் கட்டிவிடுவார். தகப்பனார் தொடங்கியதை மகன் செய்துவந்தார்.

"காகிதத்துல எழுதிக் குடுக்கலாமே?" என்று கேட்டேன்.

"காகிதத்த யாருங்க நம்புவா? அது சீன டவுக்கே கடையில சாமான் மடிக்கிறது. ஓலைன்னாத்தான் நம்பிக்கை."

"என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே கொடுத்தீங்களா?"

"தெரியாததாலதான் சார் குடுத்தேன். யாரும் படிக்காத எழுத்துதான் காவல் நிக்கும். படிச்சிட்டா அது கதை. கதை யாரக் காப்பாத்தும்?"

கட்டில் கொஞ்சம் ஏடுகளே மிச்சம் இருந்தன. பண்டிதரின் கடிதத்தைப் படித்துக் காட்டியதும், பார்த்து எழுதிக்கொள்ள அவற்றைக் கொடுத்தார். கொடுக்கும்போது, "இனிமே இதை நறுக்க முடியாது, எல்லாம் செத்த ஓலை," என்று மட்டும் சொன்னார். அதன்பின் அவர் யாருக்கும் தாயத்துக் கட்டவில்லை. திருநீறு மட்டும் கொடுக்கிறார்.

நான் செய்தி எழுதினேன். தண்ணீர்மலைத் தாயத்து வைத்திருப்பவர்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால் ஓலையைப் பார்த்து எழுதிக்கொண்டு திருப்பித் தருவோம் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். ஆட்கள் வந்தார்கள். துறைமுகத்தார், மாட்டு வண்டிக்காரர்கள், சாயாக் கடைக்காரர்கள். கப்பித்தான் பள்ளிவாசல் பக்கத்திலிருந்து ஒரு நானா தன் தகப்பனார் கட்டியிருந்த குழலைக் கொண்டுவந்தார். "நம்ம ஆளுகளும் இதுல கை நனைச்சிருக்காங்க, எழுதிக்கிடுங்க," என்று சிரித்தார். தங்கள் பங்குக்கு வந்த இடம் எது என்று எல்லோரும் கேட்டார்கள். "என்னோடதுல பொம்பளை வருதா, இல்ல வெறும் தண்ணிதானா?" என்று ஒருவன் கேட்டான். வெறும் தண்ணீர்தான் என்றதும் அவனுக்கு முகம் விழுந்துவிட்டது.

அப்படிச் சேர்ந்ததிலிருந்து கதை இவ்வளவு புரிந்தது. ஒரு வணிகன் கடாரத்துக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் மனைவி கைக்குழந்தையோடு கப்பலேறுகிறாள். நீ இப்போது குடியிருக்கும் கரையைத்தான் பழைய பாட்டுக்காரர்கள் கடாரம் என்றார்கள். தாசேக் கெலுகோர் ரப்பர் காட்டில் உட்கார்ந்துகொண்டு நீ அந்தப் பெயரை நினைத்திருக்க மாட்டாய். கரை தெரியும் தூரத்தில் கப்பல் உடைகிறது. அவள் ஒரு கையால் பலகையையும் ஒரு கையால் குழந்தையையும் பிடித்திருக்கிறாள். அந்த இடத்தில் ஓர் ஏடு. பண்டாரம் அதை மூன்றாக நறுக்கியிருக்கிறார். வரிகளின் தொடக்கம் உள்ள துண்டு வந்தது. முடிவு உள்ள துண்டு வந்தது. தொடக்கத்தில் கை, அலை, பலகை என்கிறது. முடிவில் மணல், விடியல், நாரை என்கிறது. குழந்தை இரண்டிலும் இல்லை. அதற்கு அடுத்த ஏடுகள் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை கரை சேர்ந்ததா இல்லையா என்பதை நடுத்துண்டுதான் சொல்ல வேண்டும்.

தொடக்கத் துண்டைக் கொண்டுவந்தவன் ஆயர் ஈத்தாமில் காய்கறித் தோட்ட வேலைக்காரன். அவன் வந்துபோன சில நாளில் அவன் பெண்டாட்டி இடுப்பில் பிள்ளையோடு அலுவலகத்துக்கு வந்து நின்றாள். புருசன் அவளிடம் சொல்லாமல் பிள்ளை கழுத்திலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்துவிட்டானாம். பார்த்து எழுத வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"இத வெச்சு நான் என்னா செய்யிறது? பண்டாரம் திருப்பிக் கட்ட மாட்டேங்குறாரு."

"பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா அம்மா?"

"நல்லாத்தான் இருக்கான். அதான் பயமா இருக்கு." அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "சார், நீங்க படிச்சத மறந்துட்டீங்கன்னா? யாரும் படிக்காத மாதிரி ஆயிடும்ல?"

மறந்துவிடுகிறேன் என்றேன். அவள் அதற்குப் பிறகுதான் ஓலையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த வரிகள் எனக்கு இன்றும் மனப்பாடமாகத் தெரியும்.

நடுத்துண்டு யாரிடம் என்று பண்டாரத்தைக் கேட்டபோது அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரே ஏட்டுல அன்னைக்கு மூணு பிள்ளைங்களுக்கு நறுக்கினேன். ரெண்டு ஒங்ககிட்ட வந்திருச்சு. மூணாவது ஒங்க மக மடியில இருந்த பிள்ளை. நீங்க அங்கதான சார் நின்னீங்க, ரோக்கோ பத்தவெச்சு ஊதிக்கிட்டு?" நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அந்தப் பதில் வரக்கூடும் என்று தெரிந்தேதான் அந்தக் கேள்வியைப் பல நாள் தள்ளிப் போட்டிருந்தேன்.

அன்று நீ ஏன் தண்ணீர்மலைக்குப் போனாய் என்பதை நாம் இருவரும் பேசியதே இல்லை. உன் முதல் பெண் குழந்தை தோட்டத்தில் காய்ச்சலில் போனபோது நானும் அம்மாவும் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நீ அழவில்லை. என்னைப் பார்த்து, "அப்பா, நீங்கதான் எல்லாத்துக்கும் காரணம் விசாரிச்சு எழுதுவீங்களே. இதுக்கு என்னா காரணம்?" என்றாய். நான் சொல்ல ஆரம்பித்தேன். லயத்து வீடுகளுக்குப் பின்னால் தேங்கிய சாக்கடை, கொதிக்க வைக்காத தண்ணீர், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்காதது. ஒவ்வொன்றும் உண்மை. நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாய். அடுத்த பிள்ளை பிறந்ததும் நேரே பண்டாரத்திடம் போனாய். அவர் காரணம் எதையும் சொல்லவில்லை. கையில் ஒன்றைக் கொடுத்தார். நீ தாயத்தை நம்புகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னை வளர்த்தது நான். நம்பாமலே ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்துக்கு மனிதர்கள் வருவார்கள் என்பது மட்டும் எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

பண்டாரம் சொன்னதை வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். பினாங்குக்கு வந்திருந்த மாப்பிள்ளையும் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கேதான் பிசகு நடந்தது. நான் கேட்கவில்லை, மகளே. ஆனால் கேட்கிற குரலில்தான் சொல்லியிருப்பேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், பள்ளிக்கூட விடுமுறையில் ரயிலேறி, படகில் கடந்து, வெயிலில் நடந்து மாப்பிள்ளை அலுவலகத்துக்கு வந்தார். கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். பட்டர்வொர்த்தில் ஒரு கன்னானிடம் அதே மாதிரி குழல் செய்யச் சொல்லி, புளியும் புகையும் போட்டுப் பழசாக்கி, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மாற்றிவிட்டதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்து வாத்தியார், செய்ததைப் படிப்படியாகச் சொன்னார்.

"அவளுக்குத் தெரியாது மாமா. சொல்லவும் வேணாம். எத்தனையோ நூறு வருசமா யாருக்கும் தெரியாத ஒண்ணு நம்ம வீட்டுல இருக்கு. இத வெச்சிக்கிட்டு சும்மா இருந்தா நான் எப்பிடிப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுப்பேன்?"

"நீங்களே திறந்து பாத்திருக்கலாமே மாப்பிள்ளை?"

அவர் மேசையைப் பார்த்தார். "உக்காந்தேன். கத்தியும் எடுத்தேன். கை வரல மாமா." பிறகு குரலைத் திருத்திக்கொண்டு, "நீங்க தெறக்குறதுதான் முறை. நீங்கதான கண்டுபுடிச்சீங்க," என்றார்.

நீ அவர்மேல் கோபப்படுவாய். படு. வீட்டில் ஒருவருடைய பயத்தை அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவது திருட்டுதான். அதற்கு வேறு பெயர் நான் சொல்ல மாட்டேன். ஆனால் கோபப்படும்போது அவர் கை வரவில்லை என்று சொன்னதையும் சேர்த்து நினை. அவரும் அந்தப் பெண் குழந்தையின் தகப்பன். நீங்கள் இருவரும் அவளைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியதே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பேசுங்கள். எதை முதலில் சொல்வது என்று தெரியாவிட்டால் இந்தக் கடிதத்தைக் காரணமாக வைத்துச் சண்டையிலிருந்தே தொடங்குங்கள். வாய் திறக்காமல் வருடங்களை ஓட்டிய வீடுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கடைசியில் அவை கோர்ட்டுக்கு வரும்போது அவர்களுக்கே விஷயம் எது என்று மறந்திருக்கும்.

அம்மாவிடம் குழலைக் காட்டினேன். கையால் தொடவில்லை. "பேப்பர்ல போடறதுக்கு ஊருல வேற கழுத்தே கெடைக்கலியா ஒங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் சோறு போடட்டுமா என்பது தவிர வேறு பேச்சில்லை.

இதற்கிடையில் பண்டிதரிடமிருந்து இன்னொரு கடிதம். கிடைத்த வரை அச்சுக்குக் கொடுக்கப் போகிறார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. இனிமேல் காத்திருக்க முடியாது. நடுத்துண்டு இருக்க வேண்டிய இடத்தில் "கிடைக்கவில்லை" என்று குறிப்புப் போடட்டுமா என்று கேட்டிருந்தார். குழல் என் மேசைமேல் இருக்க, அந்தக் கடிதத்தை அதன் பக்கத்திலேயே வைத்துப் படித்தேன்.

இன்று காலை, அச்சுக்கூடத்தில் எல்லோரும் வேலையில் இருந்தபோது, அரக்கின்மேல் கத்தி நுனியை வைத்தேன். அழுத்தவில்லை. எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பயம் தாயத்தைப் பற்றி அல்ல. இந்த நாட்களில் வெறும் செம்பைக் கட்டிக்கொண்டு உன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டேன். இதை உன்னிடம் வாதமாக வைக்கவில்லை, மறைத்தால் அதுவும் பொய்யாகிவிடும் என்பதால் எழுதுகிறேன். நான் யோசித்தது வேறு. உள்ளே அந்தக் குழந்தை பிழைத்திருந்தால், நான் ஓடிவந்து உன்னிடம் சொல்வேன். பிறகு உன் மகனுக்கு உடம்பு சுடும் ஒவ்வொரு தடவையும் நீ அந்த வரியைப் பிடித்துத் தொங்குவாய். அவள் கை நழுவியிருந்தால், நான் உன்னிடம் சொல்ல மாட்டேன். ஆனால் உன் வீட்டுக்கு வந்து பேரனைத் தூக்கும்போதெல்லாம் அந்த வரி எனக்குத் தெரிந்திருக்கும். என் முகத்தைப் பார்த்து நீ கண்டுபிடித்துவிடுவாய். எப்படிப் பார்த்தாலும் உனக்கென்று இருந்த ஒன்றை, உன்னைக் கேட்காமல், உனக்கு முன்னால் படித்தவனாக நான் இருப்பேன். ஆயர் ஈத்தாம் பெண்ணிடம் மறந்துவிடுகிறேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். உன்னிடம் அதைச் சொல்ல முடியாது.

கத்தியை எடுத்துவிட்டேன். அரக்கில் ஒரு சின்னக் கீறல் இருக்கிறது. அது நான் போட்டது.

மனம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை இந்த நிமிடமும் அப்படியேதான் இருக்கிறது. பசி மாதிரி. பண்டிதர் கண் முழுதும் மங்கும் முன் அந்த வரிகளைப் பார்க்க மாட்டார் என்பது என்னை வருத்துகிறது. ஓலை கழுத்து வேர்வையில் மக்கும், எழுத்துத் தேயும், ஒரு நாள் அதைப் படிக்க ஆசைப்படுகிறவனுக்கே படிக்க ஒன்றும் இருக்காது. அது சின்ன இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பண்டிதருக்கு எழுதிவிட்டேன்: "கிடைக்கவில்லை என்று போட வேண்டாம். கிடைத்தது, என்னால் கொடுப்பதற்கில்லை என்று போடுங்கள்." காரணம் எழுதவில்லை. அவர் என்னை மன்னிப்பார் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

இன்னொன்று. என் செய்தியைப் படித்துவிட்டுப் புருசன்மார் இன்னும் பெண்டாட்டி பிள்ளைகளின் கழுத்திலிருந்து குழல்களை அவிழ்த்துக்கொண்டு வருகிறார்கள். கீழே சேர்த்த அந்த ஒரு வரியைத் திரும்பப் பெற வேண்டும். திரும்பப் பெறுகிறோம் என்று இரண்டு வரி போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். ஏன் என்று சொன்னால்தான் படிப்பார்கள். அதற்கு இந்தக் கடிதத்தையே, பெயரில்லாமல், அச்சில் போடலாம் என்று நினைக்கிறேன். போடுவதும் கிழித்துப் போடுவதும் உன் சொல். மாப்பிள்ளையின் சொல்லும் வேண்டும்.

குழலை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. நானே ரயிலில் கொண்டுவந்து, இந்தக் கடிதத்தோடு சேர்த்து உன் கையில் கொடுத்துவிட்டு, பேரனைத் தூக்காமல் வெளியே வந்துவிடுவேன். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும் இப்போது, பள்ளிக்கூடத்துக் கிணற்றுப் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். நான் திறக்கவில்லை என்று எழுதியிருப்பதை நம்பி அதை வாங்கிக்கொள்ளாதே. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அரக்கைச் சுற்றிலும் பார். நகத்தால் தடவிப் பார். அதன்பின் அவன் கழுத்திலேயே கட்டுவதோ, பெட்டியில் வைப்பதோ, நீயே உடைத்துப் படிப்பதோ உன் இஷ்டம். படித்தாலும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்டாலும் சொல்லாதே, கேட்டுவிடுவேன் என்றுதான் பயமாக இருக்கிறது. எல்லாம் பார்த்து முடித்த பிறகு, உள்ளே வாங்கப்பா என்று கூப்பிடத் தோன்றினால் கூப்பிடு. தோன்றாவிட்டால் கதவைச் சாத்திக்கொள். சாயந்தர ரயிலுக்கு நான் நடந்து போய்விடுவேன்.

உன் அப்பா